அடைப்பு இல்லை என்றால் நோயும் இல்லையா?

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அக்கா தன் மருத்துவ ஃபைலை ஒரு துணிக்கடைப் பையில் சுற்றி பீரோவுக்கு மேல் வைத்திருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். பெங்களூரு பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லர். வேலை முடிந்து வந்தால் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி அழுத்தம், தாடை வரைக்கும் இழுக்கும், முதுகு வலிக்கும். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, கடைசியில் ஆஞ்சியோகிராமும் ஆயிற்று. "குழாயெல்லாம் நார்மல். டென்ஷன்தாம்மா" என்று கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் வலியை யாரும் நம்பவில்லை. "அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே" என்றார் வீட்டுக்காரர். டார்கெட்டுக்குப் பயந்து சொல்லும் சாக்கு என்று நினைத்தார் சூப்பர்வைசர். கொஞ்ச நாளில் அக்காவே தன் வலியை நம்பாமல் போனார். வலி வந்தால் ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார்.

அந்த வலி உண்மையானது. அதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

படத்தில் தெரியாத குழாய்கள்

மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் ரத்தக் குழாய்களில் சாயம் விட்டு எக்ஸ்ரே படம் பிடிப்பதுதான் ஆஞ்சியோகிராம். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் மருத்துவர் மேசன் சோன்ஸ் தொடங்கிவைத்த முறை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது காட்டுவது பெரிய குழாய்களை மட்டும்தான். அவை தொடங்கும் இடத்தில் 3, 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அவற்றிலிருந்து பிரிந்து இதயத் தசைக்குள் ஓடும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்கள் படத்தில் தெரியாது. இதயத் தசைக்கு எப்போது எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை அவைதான்.

பீன்யாவில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மெயின் ரோட்டில் காவிரித் தண்ணீர் பைப் நன்றாகத்தான் இருக்கும், நாலாவது கிராஸில் நம் வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் சொட்டும்.

படியேறும்போதும் கோபப்படும்போதும் இந்த நுண்குழாய்கள் விரிந்துகொடுக்க வேண்டும். விரியாவிட்டால் தசை ரத்தத்துக்குத் தவிக்கும். சிலருக்குப் பெரிய குழாயே திடீரென இழுத்துப் பிடித்துக்கொள்ளும். படம் எடுக்கும் நேரத்தில் பிடிப்பு விட்டிருந்தால் அறிக்கையில் 'நார்மல்' என்றுதான் வரும்.

மாரடைப்பிலும் இது உண்டு. மாரடைப்பு வந்தவர்களில் 100க்கு சுமார் 6 பேருக்குப் பெரிய அடைப்பு எதுவும் இருப்பதில்லை. அவர்களில் பெண்களின் பங்கு கூடுதல். குழாயின் உட்சுவர் தானாகக் கிழிவது, பெரும் துக்கத்திலோ அதிர்ச்சியிலோ இதயத் தசை தற்காலிகமாகச் செயலிழப்பது என்று காரணங்கள் பல. இந்த இரண்டுமே ஆண்களைவிடப் பெண்களைத்தான் அதிகம் தாக்குகின்றன.

கண்ணில் படாத பெண்கள்

நெஞ்சுவலி நோயை 18ஆம் நூற்றாண்டில் விவரித்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தான் பார்த்த ஏறக்குறைய 100 நோயாளிகளில் பெண்கள் 3 பேர்தான் என்று எழுதிவைத்தார். இதயநோய் ஆண்களின் நோய் என்ற எண்ணம் அப்படியே வேரூன்றிவிட்டது. 1967இல் வில்லியம் லைகாஃப் குழுவினர், ஆஞ்சியோகிராம் சுத்தமாக இருந்தும் இதயவலியால் துடித்த 15 பெண்களைப் பற்றி எழுதினார்கள். 1973இல் இதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வந்தது. எக்ஸ் என்றால் புரியாதது என்றுதானே பொருள்!

அமெரிக்காவில் பெண்களுக்கென்றே 1996இல் 'வைஸ்' என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. நெஞ்சுவலிக்காக ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட அந்தப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிய அடைப்பு இல்லை. ஆனால் அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் நெஞ்சுவலி இல்லாத பெண்களைவிட அவர்களுக்கு அதிகமாக வந்தன. 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பியது எவ்வளவு பெரிய தவறு என்பது அப்போதுதான் உறைத்தது.

கண்டுபிடிக்க வழி உண்டு

ஆஞ்சியோகிராம் மேசையிலேயே ஒரு நுண்ணிய கம்பியைச் செலுத்தி ரத்த ஓட்டத்தை அளக்கலாம். குறிப்பிட்ட மருந்துகளைக் கொடுத்து, குழாய் விரிகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா என்று பார்க்கலாம். எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் வழியாகவும் கண்டறியலாம். 2018இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் 151 பேரிடம் நடத்திய ஆய்வில், இப்படிச் சோதித்துக் காரணத்துக்கேற்ற மருந்து பெற்றவர்களுக்கு ஆறே மாதத்தில் வலி குறைந்தது. குழாய்ப் பிடிப்புக்கு ஒரு வகை மாத்திரை, நுண்குழாய்க் கோளாறுக்கு வேறு வகை. ஒன்றுக்குப் பொருந்தும் மருந்து இன்னொன்றை மோசமாக்கவும் கூடும். ஆகவே காரணம் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் மாடி வீட்டு அக்காவுக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் அப்படித் தேடிப் பார்த்த ஒரு மருத்துவர் கிடைத்தார். "பிரசவத்தப்போ பிரஷர் இருந்துச்சாம்மா?" என்று அவர் கேட்டாராம். இருந்தது. அதுவரை யாரும் கேட்டதில்லை. கர்ப்ப கால ரத்தக் கொதிப்பு, கர்ப்ப கால சர்க்கரை, சீக்கிரமே மாதவிடாய் நிற்பது, முடக்குவாதம் ஆகியவை பெண்களின் இதயத்துக்கு முன்னெச்சரிக்கைகள். ரத்தசோகையும் இதயத்தின் சுமையைக் கூட்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

பீன்யா தோழிகளுக்கு

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உங்கள் உரிமை. 14,000 ரூபாய் வாங்குபவரிடம் மாதம் 105 ரூபாய் பிடிக்கிறார்கள். அது உங்கள் பணம். தகுதியுள்ளவர்களுக்கு நோய்க்கால விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பீன்யாவிலிருந்து பச்சைத் தட மெட்ரோவில் ஆர்.வி. ரோடு போய், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடத்துக்கு மாறினால், அரசின் ஜெயதேவா இதய மருத்துவமனை வாசலிலேயே நிலையம் இருக்கிறது.

நெஞ்சழுத்தம், தாடை வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வை ஆகியவை 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வாய்வு என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஆஞ்சியோகிராம் நார்மல் என்று வந்த பிறகும் வலி தொடர்ந்தால் ஃபைலைக் கட்டிப் பரண்மேல் போடாதீர்கள். மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "சின்ன குழாய்ல கோளாறு இருக்குமா சார்? குழாய் இழுத்துப் பிடிக்குமா? அதுக்கு என்ன டெஸ்ட் இருக்கு?"

வீட்டிலிருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அவள் வலிக்கிறது என்றால் வலிக்கிறதுதான். அறிக்கையைப் படிப்பதற்கு முன்னால் அவள் சொல்வதைக் கேளுங்கள்.