மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம்

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் முந்தின நாளே வேலை தொடங்கிவிடும். புல் செதுக்குவார்கள், சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நவம்பர் 2 மாலையில் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும்வரை குடும்பமே கல்லறையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஜார்க்கண்டின் ஆதிவாசிக் கிராமங்களிலும் அன்று இதே மெழுகுவத்தி, இதே செவ்வந்திப் பூதான். ஆனால், கும்லா மாவட்டம் ஜாரி கிராமத்தில் ஒரு மனைவிக்குப் போய் உட்கார இடமில்லாமலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. அவருடைய கணவர்தான் பரம் வீர் சக்ரா விருது பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா.

1942 டிசம்பர் 27 அன்று ஒராவோன் இனத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மக்கள் பேசும் குருக் மொழி, தமிழைப் போலவே திராவிட மொழி. அந்த வகையில் நமக்கு அவர் தூரத்து உறவு. காட்டில் வில்லேந்தி வேட்டையாடிப் பழகிய கை, ஹாக்கி மட்டையும் பிடித்தது. 1962இல் ராணுவத்தில் சேர்ந்தார். 1971 இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டபோது வீட்டில் மனைவியும் சின்னஞ்சிறு மகனும் இருந்தார்கள்.

டிசம்பர் 3 இரவு, அவருடைய 14ஆம் கார்ட்ஸ் படைப்பிரிவு அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் கங்காசாகரைத் தாக்கியது. பதுங்குகுழி ஒன்றிலிருந்து பாய்ந்த எந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் தோழர்களைச் சாய்த்தன. எக்கா நேராக அதற்குள் பாய்ந்து, துப்பாக்கி முனைக் கத்தியால் இருவரைக் குத்தி அதை அடக்கினார். பலத்த காயம். அதோடு ஒன்றரை மைல் ஆழத்துக்குக் குழி குழியாகக் கைப்பற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து இன்னொரு எந்திரத் துப்பாக்கி. ரத்தம் ஒழுக ஊர்ந்துபோய்க் கையெறிகுண்டு வீசினார். அப்போதும் சுடுவது நிற்கவில்லை. பக்கச் சுவரில் ஏறி உள்ளே நுழைந்து, சுட்டவனைக் கத்தியால் வீழ்த்திய பிறகே அது ஓய்ந்தது. சற்று நேரத்தில் அவரும் உயிர் விட்டார். இருபத்தொன்பது வயது நிறைய இருபத்து நான்கு நாள் பாக்கி. அந்தப் போரின் கிழக்கு முனையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே.

உடல் ஊருக்கு வரவில்லை. திரிபுராவில் அகர்தலா அருகே ஸ்ரீபள்ளி கிராமத்தில் தோழர்களோடு புதைக்கப்பட்டது. ராஞ்சியில் அவர் பெயரில் சதுக்கமும் சிலையும் வந்தன. 2000இல் தபால்தலை வந்தது. 2023இல் அந்தமானில் ஒரு தீவுக்கே அவர் பெயர். 2015 டிசம்பரில் கல்லறை மண் என்று ஒரு கலசம் ஊருக்கு வந்தபோது, இது அவருடைய கல்லறை மண்தான் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று குடும்பம் கேட்டது. அந்தக் கேள்வி என்னை இன்றும் உலுக்குகிறது. அடுத்த ஆண்டு குடும்பத்தாரே திரிபுரா போய் மண் எடுத்து வந்தார்கள்.

வீரன் விழுந்த மண்ணே அவனுக்குக் கோயில் என்று சொல்வாருண்டு, மறுக்கவில்லை. ஆனால், விசுவாசக் குடும்பத்துக்குக் கல்லறை என்பது இறந்தவரோடு ஆண்டுதோறும் பேசுகிற இடம். அதை எந்தத் தீவின் பெயரும் ஈடுகட்டாது. எல்லையில் புதைக்கப்பட்ட எத்தனை பிள்ளைகளின் இடம் அவர்கள் வீட்டாருக்குத் தெரியும்?

வருகிற நவம்பர் 2 அன்று கல்லறைக்குப் போகிறவர்கள் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக எடுத்துப்போங்கள். ஆல்பர்ட் எக்காவின் பெயரைச் சொல்லி ஏற்றுங்கள்.