நேற்று நடந்ததற்கு இன்று படுக்கை

1984 அக்டோபர் 24ஆம் தேதி இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் கல்கத்தாவின் எஸ்பிளனேடில் புறப்பட்டு, 3.4 கிலோமீட்டர் ஓடி, பவானிபூரில் வந்து நின்றது. அந்த நிலையத்துக்கு இன்று நேதாஜி பவன் என்று பெயர். பிளாட்பாரத்திலிருந்து படியேறித் தெருவுக்கு வர, நல்ல உடம்பு உள்ளவருக்கு ஓரிரு நிமிடம் போதும். சிக்குன்குனியாவோ கொரோனாவோ வந்துபோய் ஆறு மாதம் ஆன சிலரும் அதே படிகளை அதே வேகத்தில் ஏறிவிடுவார்கள். மூச்சு வாங்காது, மயக்கம் வராது. சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்து, ஜகுபாஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பவும் முடியும். மறுநாளோ அதற்கு மறுநாளோ படுக்கையை விட்டு எழ முடியாது.

இந்தப் பின்விளைவுக்கு மருத்துவத்தில் பி.இ.எம். என்று பெயர், உழைப்புக்குப் பிந்தைய நலிவு என்று சொல்லலாம். வழக்கமான களைப்பு இதில் சேராது. வேலை முடிந்த 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் தொண்டை கரகரக்கும், கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சல் வரப்போவதுபோல் உடம்பு வலிக்கும். சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றுவிடும். உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தும் தூக்கம் வராது, வந்தாலும் எழும்போது தெளிவு இருக்காது. சில நாள், சில வாரம் இப்படியே போகும். பெரிய உழைப்பு எதுவும் தேவையில்லை. தலைக்குக் குளிப்பது, வங்கியில் படிவம் நிரப்புவது, உறவினரோடு ஒரு மணி நேரம் பேசுவது, ஏன், ரேஷன் வரிசையில் நிற்பதுகூடப் போதும். வாங்கிய கைமாற்று சிறியதுதான். ஆனால் கொடுத்தவர் கந்துவட்டிக்காரர், அவர் வந்து நிற்பது மூன்றாம் நாள்.

தாமதமாக வருவதுதான் இதில் பெரிய சிக்கல். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது அவர் எழுந்து வரக்கூடிய நாளில் மட்டும். ரத்தப் பரிசோதனை சரி, ஈ.சி.ஜி. சரி, எக்ஸ்ரே சரி. “உங்களுக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும்” என்பதுதான் அந்த அறையில் அதிகம் கேட்கும் வாக்கியம். நோயாளி நல்ல பிள்ளையாக நடக்கிறார். மூன்றாம் நாள் அவர் படுத்துக் கிடப்பதை வீட்டார் பார்க்கிறார்கள், மருத்துவர் பார்ப்பதில்லை.

கொசுவால் வரும் காய்ச்சலுக்கு இந்த ஊர் புதிதல்ல. பவானிபூரின் வடக்கு எல்லையில் இருக்கும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையை ஊரார் இன்றும் பழைய பெயரில் பி.ஜி. என்றுதான் சொல்கிறார்கள். அதன் வளாகத்தில் இருந்த ஆய்வுக்கூடத்தில்தான் 1898இல் ரொனால்ட் ராஸ், பறவைகளுக்கு மலேரியா கொசு வழியாகப் பரவுவதை முழுமையாக நிரூபித்தார். 1944இல் கல்கத்தாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களின் ரத்தத்திலிருந்து டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் சாபின். பின்னாளில் போலியோ சொட்டு மருந்து தந்தவரும் அவரே. 1963இல் இந்தியாவில் முதன்முதலாகச் சிக்குன்குனியா வைரஸ் கண்டறியப்பட்டதும் கல்கத்தாவில்தான். அடுத்த ஆண்டே அது சென்னையையும் வேலூரையும் புரட்டிப்போட்டது. 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டி மறைந்த நோய், 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006இல் மட்டும் நாடெங்கும் சுமார் 14 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா இருக்கலாம் என்று பதிவானது. தமிழ்நாட்டில் அந்த வருடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மூட்டு வலி பற்றி அப்போது ஊரே பேசியது. வலி குறைந்த பிறகும் ‘பழைய தெம்பு வரவில்லை’ என்றவர்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே 2006இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் டப்போ என்ற நகரத்திலும் அதைச் சுற்றிலும் தொற்று கண்ட 253 பேரை நோய் தொடங்கிய நாளிலிருந்தே மருத்துவர்கள் பின்தொடர்ந்தார்கள். சிலருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ், சிலருக்குக் கியூ காய்ச்சல் என்ற பாக்டீரியா தொற்று, மற்றவர்களுக்கு ராஸ் ரிவர் வைரஸ். கடைசியாகச் சொன்னது சிக்குன்குனியாவுக்குப் பங்காளி முறை. அதுவும் கொசுவால் வரும், மூட்டைப் பிடிக்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சுமார் 11 சதவீதம் பேர் நாள்பட்ட சோர்வு நோய்க்குரிய எல்லா அறிகுறிகளோடும் இருந்தார்கள். எந்தக் கிருமி என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. நோய்க்கு முன் மனநிலை எப்படி இருந்தது என்பதும் காரணமாகத் தெரியவில்லை. ஆரம்பக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதுதான் கணக்கில் வந்தது. ரீயூனியன் தீவில் 2005-06இல் சிக்குன்குனியா வந்தவர்களை இரண்டு ஆண்டு கழித்து ஆராய்ந்தவர்களும், மூட்டு நோயோடு நீங்காத சோர்வையும் அதன் இன்னொரு முகமாகப் பதிவு செய்தார்கள்.

பிறகு கொரோனா வந்தது. குணமாகாமல் நிற்கும் உடம்புக்கு ‘லாங் கோவிட்’ என்ற பெயரை 2020 மே மாதம் சமூக ஊடகத்தில் முதலில் எழுதியவர் எலிசா பெரேகோ. அவர் மருத்துவர் அல்ல, தொல்லியல் ஆய்வாளர், நோயாளி. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில்தான் அதற்கு இலக்கணம் வகுத்தது. லாங் கோவிட் உள்ள எல்லோருக்கும் பி.இ.எம். வருவதில்லை. நுரையீரல் தழும்பால் மூச்சு வாங்குபவர் வேறு, மாதக்கணக்கில் படுத்திருந்ததால் தசை இளைத்தவர் வேறு. அவர்களுக்குப் படிப்படியான பயிற்சி நல்லது. ஆகவே பயிற்சி சொல்லும் முன் பி.இ.எம். இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும் என்று உலக இயன்முறை மருத்துவர்களின் கூட்டமைப்பு 2021 ஜூனில் அறிவுறுத்தியது.

அந்தக் கேள்வி இவ்வளவு தாமதமாக வந்ததற்கு ஒரு பழைய கதை உண்டு. 1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறக்குறைய 300 ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். மருத்துவமனையையே அக்டோபர் வரை மூடவேண்டி வந்தது. காய்ச்சல், தசை வலி, தலைச்சுற்றல், மாதக்கணக்கில் நீண்ட சோர்வு. பி.இ.எம். முக்கிய அறிகுறியாக உள்ள நாள்பட்ட சோர்வு நோய்க்கு எம்.இ. என்ற இன்னொரு பெயர் அதையொட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. 15 ஆண்டு கழித்து இரண்டு மனநல மருத்துவர்கள், ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்க்காமல், பழைய குறிப்புகளைப் படித்து, ‘பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இது கூட்ட மனப்பிராந்தி’ என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரை செய்த சேதம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

2011இல் லான்செட் இதழில் வந்த பேஸ் ஆய்வும் அந்த வழியில்தான் போனது. 641 நோயாளிகள், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் நோய் தணிகிறது என்பது முடிவு. நோயாளிகள் நம்பவில்லை. ஒருவர் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் தரவுகளைக் கேட்க, 2016இல் பிரிட்டன் தீர்ப்பாயம் அவற்றை வெளியிடச் சொன்னது. அதற்கு முன்பே ஒரு வேடிக்கை தெரிந்திருந்தது. உடல் இயக்க மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேரலாம். கடைசியில் 60 இருந்தால் அந்த அளவில் ‘குணமானவர்’. அதாவது ஐந்து மதிப்பெண் இறங்கியவரும் தேறியவர் பட்டியலுக்குத் தகுதி பெறலாம்! 2021 அக்டோபர் 29ஆம் தேதி பிரிட்டனின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலிலிருந்து அந்தப் பயிற்சி முறையை நீக்கியது.

அதற்குள் உடம்பே சாட்சி சொல்லத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனை எளிமையானது. முகத்தில் மூச்சுக் கவசம் மாட்டி, நோயாளியைச் சைக்கிள் மிதிக்கச் சொல்லி, எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறார் என்று அளப்பார்கள். ஒருநாள் மட்டும் அளந்தால் சோம்பலான ஆரோக்கியவானுக்கும் இவருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். 24 மணி நேரம் கழித்து மறுபடி மிதிக்கச் சொன்னால், ஆரோக்கியவான் நேற்றைய எண்ணையே தொடுவார். நோயாளிக்கோ எண் சரியும். 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இன்னும் உள்ளே போனார்கள். பி.இ.எம். உள்ள லாங் கோவிட் நோயாளிகள் 25 பேர், நலமாக இருப்பவர்கள் 21 பேர். எல்லோருடைய தொடைத் தசையிலிருந்தும் சைக்கிள் மிதிக்கும் முன்பும் மறுநாளும் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில் மிதித்த பின் சேதம் கூடியிருந்தது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறியது. இதயமும் நுரையீரலும் சரியாக இருந்தும் நிலைமை இதுதான்.

காரணம் முழுதாகப் பிடிபடவில்லை, குணப்படுத்தும் மருந்தும் இல்லை. 2025இல் எடின்பரோ தலைமையில் 15,000க்கும் மேற்பட்ட எம்.இ. நோயாளிகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தவர்கள், மரபணுத் தொகுப்பில் எட்டு இடங்களில் வேறுபாடு இருப்பதாக அறிவித்தார்கள்; அவற்றில் சில நோயெதிர்ப்போடும் நரம்போடும் தொடர்புடையவை.

நம் வீடுகளில் சோர்வு என்றால் முதலில் கேட்பது “ரத்தம் கம்மியா?” என்பதுதான். பார்க்க வேண்டியதுதான். தைராய்டு, சர்க்கரை, பி12, காசநோய், மன அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாவற்றையும் விலக்கிய பிறகுதான் இந்த நோயைப் பற்றிப் பேசவேண்டும். ஆனால் 2005இல் வெளியான கோவா ஆய்வு ஒன்று அந்த முதல் கேள்விக்கே குட்டு வைத்தது. சுமார் 2,500 பெண்களில் 12 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்கு மேலாகச் சோர்வு என்றார்கள். அவர்களின் சோர்வுக்கும் ஹீமோகுளோபின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. வறுமையும் மனநலக் குறைவும் வீட்டுக்குள் பெண்ணின் நிலையுமே முன்னால் வந்து நின்றன. அதைப் பி.இ.எம். என்று சொல்லிவிட முடியாது. இரும்புச் சத்து டானிக் எல்லாச் சோர்வையும் தீர்க்காது என்பது மட்டும் தெளிவு.

மன அழுத்தத்திலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு குறிப்பு உதவும். மன அழுத்தம் உள்ளவருக்கு எதிலும் நாட்டம் இராது. கையைப் பிடித்து நடக்க அழைத்துப்போனால் பெரும்பாலும் மனம் லேசாகும். இவர்களுக்கோ ஆசை நிறைய இருக்கும், எழுந்து ஓடத்தான் முடியாது. ஓடினால் மோசமாகும்.

இப்போதைக்குக் கைகொடுப்பது அளந்து செலவழிப்பது. களைத்த பின் உட்காருவது பயன்படாது, களைக்கும் முன்பே உட்கார வேண்டும். ஸ்டூல் போட்டுக் குளிக்கலாம். காய் நறுக்குவதைத் தரையிலோ மேசையிலோ உட்கார்ந்து செய்யலாம். சமையலும் துணி துவைப்பதும் ஒரே நாளில் வேண்டாம். தெம்பாக இருக்கும் நாள்தான் ஆபத்தான நாள். விட்டதையெல்லாம் அன்றே பிடிக்கத் தோன்றும். சிலருக்கு எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 துடிப்போ அதற்கு மேலோ கூடும். ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இது நடந்தால் பாட்ஸ் என்பார்கள். இதற்கு மருத்துவரைக் கேட்டு உப்பையும் நீரையும் கூட்டலாம், மாத்திரையும் உண்டு.

பவானிபூரில் இருப்பவருக்குக் கடினமான வாரம் துர்கா பூஜை. சக்ரபேரியா, பகுல்பாகான் என்று பந்தல் பந்தலாக நள்ளிரவு தாண்டியும் கூட்டம் நகரும். லேக் மார்க்கெட் பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்களும் வரும். நோயாளி ஒரேயடியாக வீட்டில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. சஷ்டியன்று காலை கூட்டம் சேரும் முன் ஒரே ஒரு பந்தல், போக வர வண்டி, மடக்கு நாற்காலி, அடுத்த இரண்டு நாள் எந்த வேலையும் இல்லை என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் போய்வரலாம். விசர்ஜன ஊர்வலத்தை ஜன்னலிலிருந்து பார்க்கட்டும். “அன்றைக்கு நன்றாகத்தானே சிரித்துக்கொண்டிருந்தாய்?” என்று உறவினர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. இந்த நோயின் பெயர் அதில் இல்லை. ஆகவே அலுவலகத்தில் விடுப்போ வீட்டிலிருந்து வேலையோ கேட்பவருக்கு மருத்துவரின் கடிதம்தான் துணை. அதைப் பெற ஒரு நோட்டுப் புத்தகம் உதவும். இடப்பக்கம் அன்று செய்தது, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம். வலப்பக்கம் அடுத்த இரண்டு நாளும் உடம்பு இருந்த நிலை. இரண்டு வாரம் எழுதினாலே பி.ஜி.யின் வெளிநோயாளர் பிரிவில் கிடைக்கும் சில நிமிடத்தில், திங்கட்கிழமை ஏறிய மெட்ரோ படிகளையும் புதன்கிழமைப் படுக்கையையும் மருத்துவர் ஒரே பக்கத்தில் பார்த்துவிடலாம்.