திருடன் என்று பேர் வாங்கிய அடைக்கோழி

தம்பி தங்கைகளே, அடைக்கோழிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் விட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஆறு வயது. பாட்டி வீட்டுத் திண்ணை மூலையில், மணல் பரப்பிய பழைய கூடைக்குள் கோழி உட்கார்ந்திருந்தது. எத்தனை முட்டை என்று எண்ணிப் பார்க்க மெல்லக் கையை நீட்டினேன். கோழியின் உடம்பு இரண்டு மடங்காகப் பெருத்தது. இறகெல்லாம் சிலிர்த்தது. இரண்டு இறக்கையும் கூடை விளிம்பு வரைக்கும் விரிந்தன. தொண்டைக்குள் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி என் புறங்கையில் நறுக்கென்று ஒரு கொத்து!

"அது முட்டையை அது காக்குது. உனக்கு அங்க என்னடா வேலை?" என்றாள் பாட்டி.

அந்தக் கோழி உட்கார்ந்திருந்த விதத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கால்கள் உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கின்றன. இறக்கைகள் இரு பக்கமும் விரிந்திருக்கின்றன. நடுவில் முட்டைகள். சரி, இப்போது மங்கோலியாவுக்குப் போவோம்.

கோபி பாலைவனத்தில் ஒரு பழி

1923-ம் ஆண்டு. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் என்பவர் ஒரு குழுவோடு கோபி பாலைவனத்துக்கு வந்திருந்தார். அங்கே செம்மண் நிறப் பாறைகள் உண்டு. மாலை வெயில் பட்டால் தீப்பிடித்தது போல ஜொலிக்கும். அந்தப் பாறைகளில்தான் நீள நீளமான முட்டைகள் கூட்டமாகக் கிடைத்தன. கல்லாகிப்போன டைனோசர் முட்டைகள்!

யார் இட்ட முட்டைகள்? அந்த இடத்தில் எங்கே தோண்டினாலும் புரோட்டோசெராடாப்ஸ் என்ற டைனோசரின் எலும்புகள் வந்தன. ஆடு அளவுள்ள, கழுத்துக்குப் பின்னால் விசிறி மாதிரி எலும்புத் தகடு கொண்ட தாவர உண்ணி அது. அப்படியென்றால் முட்டையும் அதனுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள்.

ஒரு முட்டைக் கூட்டத்துக்கு மேலே, பத்து சென்டிமீட்டர் மணலுக்கு அப்பால், வேறொரு டைனோசரின் எலும்புக்கூடு கிடந்தது. அதற்குப் பல் கிடையாது, கிளி மாதிரி அலகு இருந்தது. அடுத்தவர் முட்டை மேல் இதற்கு என்ன வேலை? திருட வந்த இடத்தில் செத்துப்போயிருக்கும்! 1924-ம் ஆண்டு ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பார்ன் என்ற அறிஞர் அதற்கு 'ஓவிராப்டர்' என்று பெயர் வைத்தார். 'முட்டைக் கள்வன்' என்று அர்த்தம். இந்தப் பெயர் அந்தப் பிராணியைப் பற்றித் தவறான எண்ணத்தைத் தந்துவிடலாம் என்று அவரே எழுதியும் வைத்தார். யார் கேட்டார்கள்? படப் புத்தகங்களில் ஓவிராப்டர் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

எழுபது ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு

1993-ம் ஆண்டு அதே அருங்காட்சியகத்தின் ஆட்கள், மங்கோலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, மறுபடியும் கோபிக்குப் போனார்கள். உக்கா தோல்கோத் என்ற இடத்தில் உடைந்த முட்டை ஒன்று கிடைத்தது. ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த முட்டைகளின் அதே ரகம். அதற்குள்ளே, பிறக்காத குஞ்சின் குட்டி குட்டி எலும்புகள்!

பழைய கதை சரி என்றால் உள்ளே இருப்பது புரோட்டோசெராடாப்ஸ் குஞ்சாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அது ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு! 'கள்வன்' உட்கார்ந்திருந்தது தன் இனத்து முட்டைகளின் மேலேயேதான்.

அதே ஆண்டு இன்னொரு சாட்சியும் கிடைத்தது. ஓவிராப்டரின் உறவுக்கார டைனோசர் ஒன்றின் முழு வளர்ச்சி அடைந்த எலும்புக்கூடு, கூட்டின் மேலேயே இருந்தது. கால்கள் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தன. கைகள் இரண்டும் விரிந்து, வட்டமாக அடுக்கிய முட்டைகளை இருபுறமும் அணைத்திருந்தன. உட்கார்ந்த நிலையிலேயே மணல் அதை மூடிவிட்டது. பாட்டி வீட்டுக் கூடை ஞாபகம் வருகிறதா?

இந்த டைனோசருக்குப் பிறகு 'சிதிபதி' என்று பெயர் வைத்தார்கள். வடமொழிச் சொல்தான், 'சிதையின் தலைவன்' என்று பொருள். கூட்டில் இருந்தது அம்மாவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அப்பாவாகவும் இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஈமு பறவையில் இன்றைக்கும் அப்பாதானே அடைகாக்கிறது!

கை விரித்தால் முட்டை மூடுமா?

முதலை கூடத் தன் கூட்டைக் காவல் காக்கும். ஆனால் கோழி போல ஏறி உட்கார்ந்து அணைத்துக்கொள்ளாது. அந்தப் பழக்கம் பறவைக்கு உரியது. அது எப்படி டைனோசரிடம் வந்தது? கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: டைனோசரிடம் இருந்துதான் அது பறவைக்கு வந்தது.

"வெறும் கையை விரித்தால் முட்டை எப்படி மூடும்? இறகு வேண்டாமா?" என்று உங்களில் ஒருவர் கேட்பது எனக்குக் கேட்கிறது. நல்ல கேள்வி. பதில் சீனாவின் லியாவோனிங் மாநிலத்தில் கிடைத்தது. அங்கே எரிமலைச் சாம்பல் படிந்த பழைய ஏரிகளின் அடியில், எலும்போடு சேர்த்து மேல்தோலின் அடையாளங்களும் கெடாமல் இருந்தன. 1996-ம் ஆண்டு உலகுக்குத் தெரியவந்த சைனோசாராப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் முதுகு நெடுக, கோழிக்குஞ்சின் பூந்தூவல் போன்ற இழைகள் இருந்தன. அதன் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்தன என்பதுகூட, அந்த இழைகளில் மிச்சமிருந்த நிறத் துகள்களை வைத்து 2010-ல் தெரிந்தது. 1998-ல் அறிவிக்கப்பட்ட காடிப்டெரிக்ஸ் என்ற டைனோசருக்குக் கையிலும் வால் நுனியிலும் அசல் இறகுகளே இருந்தன. அது ஓவிராப்டருக்குச் சொந்தக்காரர்! அதற்குப் பறக்கத் தெரியாது. பறப்பதற்கு முன்பே இறகு வந்துவிட்டது. குளிருக்குப் போர்வையாக, பார்ப்பவரைக் கவரும் அலங்காரமாக, முட்டைக்குக் குடையாக அது உதவியிருக்கும். பறக்க உதவியது பிற்பாடுதான்.

நெஞ்சுக்குள் இருந்த சாட்சி

பறவைக்கும் டைனோசருக்கும் உறவு இருக்கலாம் என்பது புதுப் பேச்சு அல்ல. 1861-ல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் பகுதியில், சுண்ணாம்புக்கல் பாளத்துக்குள் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற பிராணி கிடைத்தது. 15 கோடி ஆண்டு வயது. பறவை போல இறக்கை இருந்தது. பல்லி போல நீண்ட எலும்பு வால், வாயில் பல், கை விரல்களில் நகம் எல்லாமும் இருந்தன. இங்கிலாந்தின் தாமஸ் ஹக்ஸ்லி, பறவைகளும் டைனோசர்களும் உறவுக்காரர்கள் என்று அடித்துப் பேசினார்.

பிறகு ஒரே ஒரு எலும்பு அந்த உறவை முறித்தது. கோழிக் குழம்பில் உண்டிவில் கவட்டை மாதிரி ஒரு எலும்பு வருமே, தெரியுமா? இரண்டு காறை எலும்புகள் ஒட்டி உருவானது அது. டைனோசர்களுக்குக் காறை எலும்பே கிடையாது, ஆகவே அவை பறவையின் முன்னோர் ஆக முடியாது என்று டென்மார்க்கைச் சேர்ந்த கெர்ஹார்ட் ஹைல்மன் 1926-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். பல பத்தாண்டுகள் அதுவே முடிந்த முடிவாக இருந்தது.

ஜான் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கர்தான் அந்தக் கதவை மறுபடி திறந்தார். அமெரிக்காவின் மான்டானாவில் 1964-ல் அவர் கண்டெடுத்த டைனானிகஸ் என்ற டைனோசரின் மணிக்கட்டில், பிறைநிலா வடிவில் ஓர் எலும்பு இருந்தது. பறவை இறக்கையை மடக்க முடிவது அப்படிப்பட்ட மணிக்கட்டால்தான்.

அந்தக் கவட்டை எலும்பு என்ன ஆயிற்று? பல டைனோசர்களில் பிறகு கிடைத்தது. வேடிக்கை என்ன தெரியுமா? 1923-லேயே அது கிடைத்திருந்தது! நம் 'கள்வன்' ஓவிராப்டரின் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. ஆஸ்பார்ன் அதைப் படம்கூடப் போட்டிருந்தார், வேறு எலும்பு என்று நினைத்து. கோழியின் எலும்போடு, கோழி போலவே முட்டை மேல் இருந்த ஒரு பிராணி! அதைத் திருடன் என்றார்கள். பறவைக்கு உறவில்லை என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் மறுப்பு அந்த ஒரே எலும்புக்கூட்டில் இருந்தது.

அரியலூரில் ஒரு பல்

இந்தக் கதை நம் ஊர்ப் பக்கமும் வருகிறது. அரியலூர் வட்டாரத்துக் கல்லமேடு பாறைகளில் கிடைத்த ஒரு சின்னப் பல், டிரூடோன்டிட் குடும்பத்து டைனோசருடையது என்று ஆய்வாளர்கள் 2013-ல் எழுதினார்கள். பறவைகளுக்கு மிக நெருங்கிய குடும்பங்களில் அது ஒன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த 'மெய் லாங்' சீனாவில் கிடைத்தபோது, காலை மடக்கி, தலையைக் கைக்கு அடியில் செருகி, தூங்கும் வாத்து மாதிரியே இருந்தது. பெயருக்கு அர்த்தமும் 'அயர்ந்து தூங்கும் டிராகன்'!

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் பூமியில் மோதியது. மற்ற டைனோசர்கள் எல்லாம் போய்விட்டன. பறவை என்ற ஒரு கிளை தப்பித்தது. இன்று அதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நாளைக்கு ஒரு கோழியின் காலை உற்றுப் பாருங்கள். முன்னால் மூன்று விரல், கூர் நகம், செதில் செதிலாகத் தோல். பாறையில் பதிந்த பல டைனோசர்களின் காலடித் தடமும் இதே அச்சுதான்.

ஓவிராப்டர் குற்றமற்றது என்று தெரிந்த பிறகும் அதன் பெயரை மாற்ற முடியவில்லை. முதலில் வைத்த பெயரே நிலைக்க வேண்டும் என்பது உயிரியலாளர்களின் விதி. இன்றைக்கும் அதற்கு 'முட்டைக் கள்வன்' என்றே பேர்.

ஆனால் அன்று பாட்டி வீட்டுத் திண்ணையில், அந்தக் கூடைக்கு முன்னால், முட்டைக் கள்வன் ஒருவன் இருந்தது உண்மை. கொத்து வாங்கிய கையைத் தடவிக்கொண்டு நின்றானே, அவன்தான்!