வெற்றுத் தடத்தின் சான்று

தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? 1962-இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும் விடை கண்டனர். கொலாஜன் என்னும் வலிய நாரை அறுக்கும் நொதியை அந்த வாலின் திசுவே சுரக்கிறது. துத்தநாக அயனியை நடுவில் ஏந்திய இத்தகைய நொதிகள் மனித உடலில் இருபதுக்கும் மேல் உண்டு. பழைய திசுவைக் கலைத்துப் புதியதைக் கட்ட அவை வேண்டும். அளவு மீறினால் கட்டியதும் சிதையும். அவற்றை அடக்கி வைப்பவை டிம்ப் எனப்படும் நான்கு தடுப்பான் புரதங்கள்.

நான்கனுள் டிம்ப்-3 தனி இயல்புடையது. மற்றவை பெரும்பாலும் நீர்மத்தில் கரைந்து உலவ, இதுவோ உயிரணுக்களைச் சூழ்ந்த புரத வலையில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத் தட்டில் உயிரணுக்களை வளர்க்கும் நீர்மத்தை மட்டும் சோதித்துவிட்டு, 'இப்புரதம் இல்லை' என்று முடிவு கட்டுவது பெரும்பிழை. தட்டின் அடியில் படிந்த வலையையும் சுரண்டி எடுத்துக் கரைக்க வேண்டும்.

கரைத்த புரதங்களைக் கூழ்மத்தில் மின்னோட்டத்தால் எடைவாரியாகப் பிரித்து, மெல்லிய தாளுக்கு மாற்றி, அதன்மேல் டிம்ப்-3-ஐப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஊற்றுகிறோம். 24 கிலோடால்டன் அருகே ஒரு பட்டை தெரியும்; சர்க்கரைக் கிளை ஒட்டிய வடிவம் சற்று மேலே, 27 அருகே நிற்கும். ஆனால் எதிர்ப்பொருள் வேறொரு புரதத்தையும் பற்றக்கூடும்; டிம்ப் நான்கும் ஒன்றையொன்று ஒத்தவை ஆயிற்றே! ஆகவே டிம்ப்-3 மரபணு நீக்கப்பட்ட உயிரணுக்களின் சாற்றையும் பக்கத்துத் தடத்தில் ஓட்ட வேண்டும். அத்தடம் அந்த இடத்தில் வெறுமையாக இருந்தால்தான் பட்டையை நம்பலாம். எதிர்ப்பொருளை விற்போரின் விலைப்பட்டியலில் உள்ள புகழுரை எதுவும் எனக்கு அந்த வெற்றுத் தடத்துக்கு ஈடாகாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? 1949-இல் ஆர்னால்டு சார்ஸ்பி விவரித்த விழிநோயில், நாற்பது வயதை ஒட்டி நடுப்பார்வை மங்குகிறது. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குச் சரிபாதி வாய்ப்பு. டிம்ப்-3 மரபணுவின் பிறழ்வே காரணம் என்பது 1994-இல் தெரியவந்தது. பெரும்பாலான பிறழ்வுகள் புரதத்தில், கந்தகம் ஏந்திய அமினோ அமிலமான சிஸ்டீன் ஒன்றை இணையின்றி உண்டாக்குகின்றன. துணையற்ற அந்தக் கந்தகம் இன்னொரு மூலக்கூறின் கந்தகத்தைப் பற்றிக்கொள்ள, இரண்டும் சேர்ந்து ஒன்றாகின்றன. கந்தகப் பாலத்தை உடைக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காமல் கூழ்மத்தை ஓட்டினால், ஏறத்தாழ இருமடங்கு எடையில் புதிய பட்டை எழும். சேர்த்து ஓட்டினால் அது மறைந்து, பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஒரே எதிர்ப்பொருள் நோயின் முடிச்சையே கண்முன் நிறுத்துகிறது.

நோயுற்ற கண்களின் வெட்டுத்துண்டுகளில், விழித்திரைக்கு அடியிலுள்ள புரூக் சவ்வில் டிம்ப்-3 மிகுதியாகக் குவிந்திருப்பதைக் காட்டியதும் எதிர்ப்பொருளே. குவிந்த புரதம் இன்னும் நொதியை அடக்குகிறதா என்பதை மட்டும் அதனிடம் கேட்க முடியாது. அதற்கு வேறு சோதனை உண்டு. ஜெலட்டினையும் நொதியையும் கலந்த கூழ்மத்தில் புரதங்களைப் பிரித்து, நொதியை வேலை செய்ய விட்டுப் பின் சாயம் ஏற்றுவார்கள். எங்கும் ஜெலட்டின் கரைந்து வெளிறியிருக்கும். தடுப்பான் காத்து நின்ற இடம் மட்டும் கருநீலக் கோடாய்த் தெரியும்.