காஷிமாவும் தருமபுரியும்: ஒரு கால்பந்துக் கழகம் எந்த ஊருக்குச் சொந்தம்?

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடரின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. லீக் சுற்றின் 18 ஆட்டங்களில் 40 புள்ளிகள் குவித்து முதலிடம் பிடித்திருந்த பெங்களூரு எஃப்சி அணியும், 32 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்ற சென்னையின் எஃப்சி அணியும் மோதின. 9ஆவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்து பெங்களூருவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஆனால், சென்னை அணியின் பிரேசில் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் முதல் பாதிக்குள் இரண்டு முறை தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் செலுத்தினார். இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலை அடிக்க, 3-2 என்ற கணக்கில் கோப்பை சென்னைக்கு வந்தது.

அந்த அரங்கத்திலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில் இருக்கிறது தருமபுரி. சென்னைக்கோ இங்கிருந்து சுமார் 300 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். பாலக்கோட்டின் தக்காளி பெங்களூரு சந்தைக்குப் போகிறது. பென்னாகரம், அரூர் பகுதி இளைஞர்கள் கட்டிட வேலைக்கும் காவலாளி வேலைக்கும் அங்கேதான் போகிறார்கள். மாநிலத்தால் சென்னையோடும் பிழைப்பால் பெங்களூருவோடும் பிணைந்திருக்கும் இந்த மாவட்டத்துக்கு, தென்னகத்தின் இந்த இரு பெரும் அணிகளில் எது சொந்தம்?

நேர்மையான பதில், இரண்டுமே இல்லை என்பதுதான். தருமபுரி மக்களுக்குக் கால்பந்தில் ஆர்வமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. ஆனால், உண்மையான காரணம் இந்தியாவில் கால்பந்து லீக் கட்டமைக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள சென்னை அணியின் கதையையும், தருமபுரியை ஒத்த ஒரு ஜப்பானிய ஊரின் கதையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

கோப்பையும் கடைசி இடமும்

2014இல் எட்டு அணிகளுடன் ஐஎஸ்எல் தொடங்கியபோது உருவானது சென்னையின் எஃப்சி. நடிகர் அபிஷேக் பச்சன், வீட்டா தானி, கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி ஆகியோர் உரிமையாளர்கள். 2015இல் பெருமழை வெள்ளத்தால் சென்னை நிலைகுலைந்தபோது, சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியை அணி புனேயில் ஆடியது. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் 90ஆவது நிமிடம் நெருங்கும்வரை 1-2 எனப் பின்தங்கியிருந்து, கடைசி நொடிகளில் இரண்டு கோல்கள் பெற்று முதல் கோப்பையை வென்றது. வெற்றி கோலை அடித்த கொலம்பிய வீரர் ஸ்டீவன் மென்டோசா அந்தத் தொடரில் மொத்தம் 13 கோல்கள் அடித்தார்.

2017-18 சீசனில் ஜான் கிரிகரியின் பயிற்சியில் இரண்டாவது கோப்பை. மிசோரத்தின் ஜெஜெ லால்பெக்லுவா முன்களத்தில் கோல்களைக் குவித்தார். அரையிறுதியில் கோவாவை 3-0 என வீழ்த்திய ஆட்டத்தில் ஒரு கோல், வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அடித்தது. தெருவில் பந்து உதைத்துப் பழகிய ஓர் இளைஞர் தன் நகரத்தின் அணியை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார் என்பது, ஒரு கழகம் தன் ஊருக்கு என்ன தர முடியும் என்பதற்கான சான்று.

அடுத்த சீசனில் என்ன நடந்தது? நடப்பு சாம்பியனான சென்னை, 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் பெற்று பத்து அணிகளில் கடைசி இடம் பிடித்தது. பெங்களூரு கோப்பையை வென்றது. உலகின் பெரும்பாலான லீக்குகளில் கடைசி இடம் பிடிக்கும் அணி இரண்டாம் பிரிவுக்குத் தரமிறக்கப்படும். ஐஎஸ்எல் அமைப்பில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அதற்கடுத்த சீசனில் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்த பிறகு சென்னை மீண்டெழுந்து, 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை சென்றது. பார்வையாளர்கள் அனுமதிக்கப்படாத அந்த ஆட்டத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 1-3 எனத் தோற்றது.

தரமிறக்கம் இல்லாததால் சென்னை அணி தப்பித்தது என்று ரசிகர்கள் மகிழலாம். ஆனால், கீழே இறங்கும் வழி இல்லாத வீட்டில் மேலே ஏறும் வழியும் இருக்காது. சென்னைக்கு இடம் உறுதியாக இருந்ததன் மறுபக்கம், வேறெந்த ஊருக்கும் இடம் இல்லை என்பதுதான்.

மான் கொம்புகளின் நகரம்

ஜப்பானின் இபராகி மாகாணத்தில், பசிபிக் கரையோரம் இருக்கும் சிறு நகரம் காஷிமா. அதன் மக்கள்தொகை எழுபதாயிரத்துக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி நகராட்சியின் மக்கள்தொகையும் 68 ஆயிரத்தைச் சற்றே தாண்டியதுதான்.

1990களுக்கு முன்பு ஜப்பானிலும் கால்பந்து என்பது நிறுவனங்களின் ஊழியர் அணிகள் ஆடும் ஆட்டமாக இருந்தது. அணிகள் நிறுவனங்களின் பெயர்களையே தாங்கியிருந்தன. 1993இல் பத்துக் கழகங்களுடன் ஜே-லீக் தொடங்கியபோது, அதன் முதல் தலைவர் சபுரோ கவாபுச்சி ஒரு நிபந்தனையில் உறுதியாக நின்றார்: கழகம் தன் ஊரின் பெயரைத் தாங்க வேண்டும், ஊர் மக்களோடு இணைந்து வளர வேண்டும், நிறுவனத்தின் பெயர் இரண்டாம்பட்சம்.

காஷிமாவில் இருந்தது சுமிடோமோ உருக்காலையின் அணி. அதுவும் அப்போது இரண்டாம் பிரிவில் ஆடிய அணி. அதற்கு இடம் கிடைக்க வாய்ப்பே இல்லை என்ற நிலையில், கூரையுடன் கூடிய 15,000 இருக்கை அரங்கம் கட்டினால் பரிசீலிக்கலாம் என்றது லீக். மாகாண அரசு அரங்கத்தைக் கட்டியது. காஷிமா என்ற சொல்லை எழுதும் எழுத்துகளுக்கு ‘மான் தீவு’ என்று பொருள். எனவே, மான் கொம்புகளைக் குறிக்கும் ‘ஆன்ட்லர்ஸ்’ என்ற பெயரைக் கழகம் சூடிக்கொண்டது. பிரேசிலின் பெரும் வீரர் ஜிகோ வந்து சேர்ந்தார். 1993 மே மாதம் நடந்த முதல் லீக் ஆட்டத்தில் நகோயா அணியை 5-0 என வென்றது காஷிமா. ஜிகோ மூன்று கோல்கள் அடித்தார்.

அதன் பிறகு நடந்தது வரலாறு. ஜப்பானின் மிக அதிக லீக் பட்டங்களை வென்ற கழகம் காஷிமா ஆன்ட்லர்ஸ். 2018இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் வென்றது. 2016 உலகக் கழகக் கோப்பை இறுதியில் ரியல் மாட்ரிட் அணியைக் கூடுதல் நேரம்வரை இழுத்துச் சென்று 2-4 எனத் தோற்றது; அந்த இரு கோல்களையும் அடித்தவர் காகு ஷிபாசாகி. இன்று காஷிமா அரங்கில் ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம். அந்த நகரத்தின் மக்கள்தொகையில் இது பாதிக்கும் மேல்.

திறந்த கதவின் ஆற்றல்

காஷிமாவின் வெற்றிக்கு ஜிகோ மட்டும் காரணமல்ல. போட்டி அமைப்பும் ஒரு காரணம். 1999இல் ஜே-லீக் இரண்டாம் பிரிவைத் தொடங்கியது. 2014இல் மூன்றாம் பிரிவு வந்தது. பத்தில் தொடங்கிய கழகங்களின் எண்ணிக்கை இன்று அறுபது. வென்றால் ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும் என்ற விதி அனைவருக்கும் பொது.

2007 சீசனை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆட்டங்களே மீதமிருந்தபோது, காஷிமா தன் பரம வைரியான உராவா ரெட் டயமண்ட்ஸ் அணியைவிடப் பத்துப் புள்ளிகள் பின்தங்கியிருந்தது. காஷிமா தொடர்ந்து வென்றது, உராவா தடுமாறியது. கடைசி நாளில் உராவா எதிர்கொண்டது, ஏற்கெனவே தரமிறக்கம் உறுதியாகிவிட்ட யோகஹாமா எஃப்சி அணியை. அந்தக் கடைசி அணி 1-0 என உராவாவை வீழ்த்த, பட்டம் காஷிமாவுக்குப் போனது. வலுவற்ற அணிகளும் ஒரு சீசனின் முடிவை மாற்றக்கூடியவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தரமிறக்கம் ஓர் அணியை அழித்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஜப்பான் பதில் வைத்திருக்கிறது. 2012இல் லீக்கிலேயே அதிகமாக 67 கோல்கள் அடித்தும், தடுப்பாட்டத்தின் பலவீனத்தால் கம்பா ஒசாகா தரமிறக்கப்பட்டது. மறு ஆண்டே இரண்டாம் பிரிவை வென்று திரும்பியது. 2014இல் லீக் பட்டம், லீக் கோப்பை, பேரரசர் கோப்பை மூன்றையும் வென்றது. கீழே விழுந்த அணி தன்னைத் திருத்திக்கொள்ளக் கிடைத்த ஓராண்டுதான் அதற்கு வலுவூட்டியது.

கோவை தந்த பாடம்

தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான அனுபவம் உண்டு. 2018-19 சீசனில், கோவை நேரு விளையாட்டரங்கைச் சொந்த மண்ணாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஸ்பெயின் வீரர் பெட்ரோ மான்ஸி 21 கோல்கள் அடித்தார். அந்த அணியில் ஆடிய நெய்வேலியின் எட்வின் சிட்னி வான்ஸ்பால் பின்னர் சென்னையின் எஃப்சிக்குச் சென்றார். அதே சீசனில்தான் சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல் தொடரின் கடைசி இடத்தில் இருந்தது. வேறு நாடாக இருந்தால் கோவையில் ஆடிய அணி மேலே சென்றிருக்கும். இங்கே அதற்கு விதி இல்லை. சில ஆண்டுகளில் அந்த அணி தேசிய லீக்கிலிருந்தே மறைந்தது. கோவை ரசிகர்கள் கூடிக் கொண்டாடிய ஒரு கழகத்தின் கதை அவ்வாறு முடிந்தது.

ஐ-லீக் சாம்பியன் ஐஎஸ்எல் தொடருக்குத் தரமுயரும் வழி 2023இல்தான் திறந்தது. பஞ்சாப் அணியும், மறு ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியும் அவ்வழியே வந்தன. ஆனால், மூடிய கட்டமைப்பின் அடிப்படைப் பலவீனம் 2025இல் வெளிப்பட்டது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் வணிகக் கூட்டாளிக்கும் இடையே 2010இல் கையெழுத்தான 15 ஆண்டு ஒப்பந்தம் முடிவுக்கு வரும் நிலையில், அந்த ஆண்டு ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஒரேயொரு ஒப்பந்தம் தடைபட்டதும் நாட்டின் முதன்மை லீக்கே நின்றது. சில கழகங்கள் வீரர்களின் ஊதியத்தை நிறுத்திவைத்தன. அக்டோபரில் இந்திய அணி, மட்கானில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பை இழந்தது. வேர் பரவாத மரம் ஒற்றை ஆணிவேரில் நின்றால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

தருமபுரிக்கு என்ன தேவை?

ஜப்பான் செல்வந்த நாடு. காஷிமாவுக்குப் பின்னால் ஓர் உருக்காலை இருந்தது. தருமபுரியில் அது இல்லை. இந்த எதிர்வாதத்தில் உண்மை உண்டு. எனவே, தருமபுரிக்கு 15,000 இருக்கை அரங்கம் கேட்பது பொருந்தாது. ஆனால், ஜே-லீக் தந்த பாடம் கான்கிரீட் சார்ந்தது மட்டுமல்ல. ஒவ்வொரு கழகமும் இளையோர் அணிகளை வளர்க்க வேண்டும் என்பதும், ஆண்டு முழுவதும் ஆட்டங்கள் நடக்க வேண்டும் என்பதும் அதன் அடித்தளம்.

நம் மாவட்டங்களில் கால்பந்து பெரும்பாலும் விழாக்காலப் போட்டியாகவே நடக்கிறது. தோற்றால் வெளியேறும் முறையில் 16 அணிகள் பங்கேற்றால் மொத்தம் நடப்பது 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்துடன் வீடு திரும்பிவிடும். பயிற்சி மிகவும் தேவைப்படும் அணிக்கே மிகக் குறைவான ஆட்டங்கள் கிடைக்கின்றன. மாறாக, பத்து அணிகள் சொந்த மண்ணிலும் எதிரணி மண்ணிலும் மோதும் லீக் நடந்தால் 90 ஆட்டங்கள் நடக்கும். கடைசி இடம் பிடிக்கும் அணியும் 18 ஆட்டங்கள் ஆடியிருக்கும். ஒரு வீரர் வளர்வது கோப்பையால் அல்ல, இந்தப் பதினெட்டு ஆட்டங்களால்.

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி என வட்டத்துக்கு ஓர் அணி இருந்தாலே மாவட்ட லீக்கின் பெரும்பகுதி தயார். பள்ளி, கல்லூரி மைதானங்கள் வார இறுதிகளில் திறக்கப்பட வேண்டும். பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் ஊதியம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாவட்டத்தில் வெல்லும் அணி மாநில லீக்குக்கும், அங்கு வெல்லும் அணி தேசிய லீக்குக்கும் செல்லும் படிநிலை எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். மகளிருக்கும் இதே ஏணி வேண்டும். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது, பெருநகரங்களுக்கு வெளியிலும் அது இயலும் என்பதைக் காட்டியது.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநிலக் கால்பந்துச் சங்கமும் இணைந்தால் இதற்குப் பெரும் செலவு ஆகாது. அப்படி ஓர் ஏணி அமைந்தால், பென்னாகரத்து இளைஞர் பெங்களூருவுக்கோ சென்னைக்கோ போகும் முன்பே தன் ஊரின் சட்டையை அணிந்து ஆடியிருப்பார். எந்த அணி தருமபுரிக்குச் சொந்தம் என்று கேட்க வேண்டிய அவசியமும் அப்போது இருக்காது.