கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புதிய செயலி: மாறலாமா?

பத்து காவான் - பிள்ளைகளின் படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஒரே கணினியை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, அது திடீரென வேகம் குறைந்தால் செலவு பயம் வந்துவிடும். கோளாறு சில வேளைகளில் மென்பொருளில் இருக்கலாம்.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கான 'என்விடியா ஆப்' 2024 நவம்பரில் முழுமையாக வெளியானது. பழைய 'ஜிபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' போல, கணக்கு திறந்து உள்நுழையும் கட்டாயம் இதில் இல்லை. பயனர்கள் வரவேற்றதும் அதைத்தான்.

ஆனால், மறுமாதமே சில விளையாட்டுகளில் வேகம் 15 விழுக்காடு வரை குறைவது சோதனைகளில் தெரிந்தது. காரணம், காட்சியின் நிறத்தை மாற்றும் 'கேம் ஃபில்டர்' வசதி. பயன்படுத்தாதபோதும் அது வேகத்தைக் குறைத்தது. அதை நிறுத்தி வைக்கும்படி நிறுவனமே கூறியது.

ஆகவே, புதிய கார்டு வாங்கும் முன் அந்த வசதியை அணைத்துப் பாருங்கள். செயலியே வேண்டாம் என்பவர்கள் டிரைவரை மட்டும் நிறுவினாலும் கார்டு இயங்கும்.