100 பர்சன்டைல்னா ஃபுல் மார்க்கா? ஜே.இ.இ மெயின் கணக்கு இதுதான்!

ஜே.இ.இ மெயின் ரிசல்ட் வரும் நாளில் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது.

"98 எடுத்திருக்க... அப்புறம் ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"அது மார்க் இல்லப்பா, பர்சன்டைல்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. மார்க் என்பது, 300-க்கு நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள் என்பது. பர்சன்டைல் என்பது, உங்களோடு அதே ஷிஃப்ட்டில் எழுதியவர்களில் 100-க்கு எத்தனை பேர் உங்கள் மார்க்கோ, அதற்குக் குறைவாகவோ எடுத்திருக்கிறார்கள் என்பது. முதலாவது உங்கள் விடைத்தாளைப் பற்றியது. இரண்டாவது, கூட்டத்தில் உங்கள் இடத்தைப் பற்றியது.

எதுக்கு இந்தச் சுத்தல்?

2024-ல் இந்தத் தேர்வை எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரை ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்க முடியாது. அதனால் பல நாள்கள், காலை, மதியம் என்று பல ஷிஃப்ட்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கேள்வித்தாள். ஒன்று ஈஸியாக இருக்கும், இன்னொன்று வெச்சு செய்யும். மார்க்கை மட்டும் பார்த்தால் கஷ்டமான ஷிஃப்ட்டில் மாட்டியவர் பாவம்!

உதாரணத்துக்கு, இரண்டு ஷிஃப்ட்டிலும் தலா 1 லட்சம் பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஈஸியான ஷிஃப்ட்டில் 200 மார்க் எடுத்தவருக்கு மேலே 5,000 பேர் இருந்தால், அவருக்கு 95 பர்சன்டைல். கஷ்டமான ஷிஃப்ட்டில் அதே 200 எடுத்தவருக்கு மேலே 1,000 பேர்தான் என்றால், 99 பர்சன்டைல்.

அப்போ 100 யாருக்கு?

ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் முதலிடம் பிடிப்பவருக்கு 100. ஒரு ஷிஃப்ட்டின் டாப்பர் 300-க்கு 300 எடுத்திருக்கலாம், இன்னொரு ஷிஃப்ட்டின் டாப்பர் 280-லேயே நின்றிருக்கலாம். இருவருக்கும் 100 பர்சன்டைல்தான். 2024-ல் 56 பேர் 100 பர்சன்டைல் எடுத்தார்கள். அதற்காக 56 பேரும் ஃபுல் மார்க் என்று அர்த்தமில்லை.

இதில் இன்னொரு சிக்கல், ஈஸியான பேப்பரில் மேலே நெரிசல் அதிகம். அங்கே ஒரு கேள்வி தப்பானால் 4 மார்க் கிடைக்காது, நெகட்டிவ்வில் 1 மார்க்கும் போகும். அந்த 5 மார்க்கில் நூற்றுக்கணக்கானவர்கள் உங்களைத் தாண்டிவிடலாம். கஷ்டமான பேப்பரில் அதே தப்புக்கு இவ்வளவு அடி விழாது.

நீட் தேர்வில் இந்தக் கதை கிடையாது. எல்லோருக்கும் ஒரே நாளில் தேர்வு, மார்க்கை வைத்தே ரேங்க். அங்கே ஃபுல் மார்க் என்றால் நிஜமாகவே 720-க்கு 720. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2024-ல் முதலில் 67 பேர் 720 எடுத்ததாக ரிசல்ட் வந்தது. கருணை மதிப்பெண் ரத்தாகி, ஒரு இயற்பியல் கேள்விக்கு ஒரே விடைதான் சரி என்றும் முடிவான பிறகு, அந்த எண்ணிக்கை 17 ஆனது.

நீங்க என்ன செய்யணும்?

வேறு ஷிஃப்ட்டில் எழுதிய ஃப்ரெண்டின் மார்க்கோடு உங்கள் மார்க்கை ஒப்பிட்டு அழாதீர்கள். 'இவ்வளவு மார்க்குக்கு இவ்வளவு பர்சன்டைல்' என்று சுற்றும் பட்டியல்கள் எல்லாம் குத்துமதிப்புதான். உங்கள் ஷிஃப்ட்டில் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்று தெரியாமல் அதைச் சொல்லவே முடியாது. ஜனவரியில் சொதப்பினால் ஏப்ரல் இருக்கிறது. இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த அப்பாவுக்கும் பதில் சொல்லிவிடலாம். 14 லட்சம் பேரில் 98 பர்சன்டைல் என்றால், பையனுக்கு முன்னால் சுமார் 28,000 பேர் நிற்கிறார்கள். அவன் முகம் வாடியதற்குக் காரணம் அதுதான். ஆனால் அவனுக்குப் பின்னால் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள். ஐ.ஐ.டி-க்கான ஜே.இ.இ அட்வான்ஸ்டு எழுதத் தேர்வாகும் சுமார் இரண்டரை லட்சம் பேரில் அவனும் ஒருவன். முகத்தைக் கழுவிட்டு அடுத்த பரீட்சைக்குப் படிக்கலாம்!